மட்கார்டில் வெட்டிய செவுள்கள்

"நல்லா இருக்குதுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. வண்டியை நிறுத்திக் கையுறையை உருவுவதற்கு முன்னாலேயே, ஹெல்மெட்டுக்குள் இருந்தபடியே சொன்னார். நான் இன்னும் கேட்கவேயில்லை. கேட்பதற்கு முன்னால் வந்து விழுகிற நல்ல பதிலை நான் நம்புவதில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது அந்த அரிப்பு.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை வீட்டுக்காரர். பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். சின்னவர் என்பதற்காக, தங்கையைக் கட்டியவரை எங்கள் பக்கத்தில் வாய்க்கு வந்தபடி பேசிவிட முடியாது. நான் அவருக்கு மரியாதை வைப்பேன், அவர் எனக்கு ஒரு பிடி கூடவே வைப்பார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். இருவரும் ஒரு தடவைகூட ஒருவரையொருவர் மறுத்துப் பேசியதில்லை. என் வீட்டுக் குழம்பில் உப்பு கரித்த நாளில்கூட இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் அவர். அதை நான் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பழைய கார் இருந்தது. சின்ன வண்டி, பின்பக்கம் அரிவாளால் வெட்டினாற்போல முடிந்துவிடும். பின்சீட்டையும் கதவுப் பலகைகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூடு கட்டி, ஊருக்குத் தெற்கே இருக்கிற பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்று தயார் செய்தது. முன்பு நானும் ஓட்டினேன். பிறகு ஓட்டுவது அவர், வண்டியைப் பார்த்துக்கொள்வது நான் என்று ஆகிப்போனது. எனக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு பாகங்கள் கடைகிற பட்டறை. பகலில் இரும்புத்தூள், சாயங்காலம் படம் வரைகிற காகிதம். இரண்டிலும் எனக்குக் கை நிற்காது.

அந்தத் தடத்தில் நீண்ட நேர்பாதை முடிகிற இடத்தில் வலப்பக்கம் ஒரு வளைவு. வேகத்தைக் குறைக்காமல் போனால்தான் பந்தயத்தில் இருக்கலாம். குறைக்காமல் போனால் வண்டியின் மூக்கு லேசாகிவிடுகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்பினதா இல்லையா என்று கைக்குத் தெரிவதில்லை. இதையும் மாப்பிள்ளை என்னிடம் சொல்லவில்லை. தங்கைதான் போனில் சொன்னாள்.

"அண்ணா, போன தடவை ஊட்டுக்கு வந்து தட்டைப் புடிக்கறப்ப கை நடுங்குது. கேட்டா ஒண்ணுமில்லைங்கறார். அந்த வளைவுலதான்னு தூக்கத்துல உளர்றாரு. அடுத்த பந்தயத்துக்குள்ள நீ ஏதாச்சும் பண்ணு. இல்லாட்டி வேண்டாம்னு சொல்லு. நான் சொன்னா கேக்கமாட்டாரு."

வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஏதாவது பண்ணுவது சுலபமாகத் தோன்றியது.

சக்கரம் சுழலும் குழிக்குள் காற்று புகுந்துகொண்டே இருக்கிறது. வெளியேற வழி கிடையாது. பம்பின் வாயை அடைத்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டால் உள்ளே தண்ணீர் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அதே பாடுதான் காற்றுக்கும். முட்டி முட்டி மேலே தூக்குகிறது. சக்கரத்துக்கு நேர் மேலே மட்கார்டில் நாலு கீறல் போட்டு, கீறலின் வாய் பின்பக்கம் பார்க்கிற மாதிரித் தகட்டை மடித்துவிட்டால், மேலே ஓடுகிற காற்றே உள்ளே அடைபட்டதை உறிஞ்சி இழுத்துக்கொண்டு போய்விடும். மூக்கு தரையில் உட்காரும். வெளிநாட்டுப் பந்தய வண்டிகளில் எல்லாம் இது உண்டு. ராத்திரி பகலாகப் படம் வரைந்தேன்.

உக்கடத்தில் எனக்குப் பழக்கமான டிங்கர் ஒருவர், பாய் என்றுதான் கூப்பிடுவேன். படத்தைப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நசுங்குனதை எடுத்துக் குடுன்னு வருவாங்க. நல்லா இருக்கறதை வெட்டிக் குடுன்னு வந்த மொத ஆளு நீங்கதானுங்ணா."

"காத்து வெளிய வரோணும் பாய்."

"மீனுக்குச் செவுள் இருக்கற மாதிரிங்களா?"

"அதேதான்."

"அப்ப குழம்பு வெக்கறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணிக் குடுங்ணா, வெட்டித் தாரேன்" என்று சிரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருடைய தகரக் கொட்டகையில் நின்றேன். பக்கத்துக்கு நாலு செவுள். ஓரங்களை உப்புத்தாளில் நானே தேய்த்தேன். வெள்ளை மட்கார்டில் அவை இருந்த அழகை என்னவென்று சொல்ல. வண்டி மூச்சு விடுகிறது என்றே எனக்குப் பட்டது.

செவுள் வெட்டிய பிறகு வந்த முதல் பயிற்சி நாளில்தான் அவர் இரண்டே சுற்றில் திரும்பி வந்து, கேட்காமலேயே நல்லா இருக்குது என்றது.

நான் நிற்கிற சுவர் ஓரத்திலிருந்து அந்த வளைவு தெரியாது, மண்மேடு மறைக்கும். காதில் விழும். ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் எஞ்சின் சத்தம் ஒரு நொடி அறுந்து பிறகு ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் ஒரு மூச்சளவு அறும். அன்று இரண்டாவது சுற்றில் வெகுநேரம் அறுந்து கிடந்தது. நல்லா இருக்கிற வண்டியில் எதற்குக் கால் எடுக்கவேண்டும்? கேட்டிருக்கலாம். "சந்தோசமுங்க" என்றேன்.

செவுளுக்குப் பின்னால் வெள்ளைப் பெயிண்டில் கருப்பாகத் தூள் வழிந்திருந்தது. டயர் தேய்ந்த தூள், அடைபட்ட காற்று தள்ளிக்கொண்டு வந்தது. துணியால் துடைத்தேன், துடைக்கையில் பெருமையாக இருந்தது.

"வெட்டுன எடத்துல பெயிண்ட் கொஞ்சம் உரிஞ்சாப்புல இருக்குதுங்க" என்றார் மாப்பிள்ளை. "நானே பாய்கிட்ட உட்டு டச்சப் பண்ணிக்கறேனுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

அப்போதுதான் துடைத்தவன் நான். எங்கேயும் உரிந்திருக்கவில்லை. "சரிங்க" என்றேன்.

அடுத்த வாரம் மறுபடி பயிற்சி. ஆறு சுற்று. சத்தம் பழைய மாதிரியே ஒரு மூச்சளவு அறுந்து ஒட்டியது. "இன்னும் நல்லாவே இருக்குதுங்க மச்சான்!" இந்தத் தடவை ஹெல்மெட்டைக் கழற்றி, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அது இன்னும் மோசம். துணியோடு போய்ச் செவுளுக்குப் பின்னால் பார்த்தேன். துடைப்பதற்கு ஒன்றுமில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, கழுவி வைத்த தட்டு மாதிரி.

சந்தேகம் சட்டைக்குள் புகுந்த எறும்பு. ஒரே இடத்தில் கடிக்காது. முதலில் பாயைச் சந்தேகப்பட்டேன், அளவு தப்பியிருக்குமோ. பிறகு என் படத்தை. அன்றைக்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்து அடித்த காற்றைக்கூடச் சந்தேகப்பட்டேன். மாப்பிள்ளையைக் கடைசியாகத்தான். அவரைச் சந்தேகப்படுவதே மரியாதைக் குறைவாகத் தோன்றியது.

பட்டறைக்குப் பக்கத்து மில்லில் வாங்கிய நூல் கோன் ஒன்று பையில் இருந்தது. அங்கேயே நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொரு செவுளுக்குப் பின்னாலும் டேப்பால் ஒட்டினேன். காற்று எங்கே போகிறதோ நூல் அங்கே போகும். வேறு எந்தக் கருவியும் வேண்டாம்.

"எதுக்குங்க மச்சான் நூலு?"

"திருஷ்டிக்குங்க மாப்பிள்ளை."

சிரித்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

முன்கண்ணாடிக்கு உட்புறம் போனைப் பொருத்திப் படமெடுக்க விட்டேன். மூன்று சுற்று போய் வந்தார். அவர் இளநி வாங்கிவரப் போன நேரத்தில் படத்தை ஓட்டிப் பார்த்தேன். உள்ளிருந்து காற்று பீறிட்டால் நூல் துள்ளி எழவேண்டும். எட்டு நூலும் தகட்டோடு ஒட்டிப் படுத்துக்கிடந்தன. எழுந்து போய்ச் செவுளுக்குள் சுண்டுவிரலை விட்டேன். பாதி விரலில் இடித்தது. தகடு. அலுமினியத் தகடு, உள்பக்கமாக ரிவெட் அடித்து, கருப்புப் பசையால் ஓரம் பூசி, நேர்த்தியாக அடைத்திருந்தது.

செவுள் வெறும் படம். மீன் மூச்சு விடவேயில்லை.

மாப்பிள்ளை இளநியோடு வந்தார். வெயிலில் கிடந்து சூடேறிய காய். குடித்தேன். "எப்படீங்க?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

திங்கட்கிழமை உக்கடம் போனேன். என்னைக் கண்டதும் பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். ரிவெட் தலையை வரிசை பிசகாமல் அடிக்கிற கை இந்த ஊரில் அவருடையதுதான். அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று.

"நான் வேலைக்காரனுங்ணா. தொறன்னா தொறப்பேன், மூடுன்னா மூடுவேன்."

"ஏன் மூடச் சொன்னாரு?"

"காரணம் சொல்லலைங்ணா. மச்சான் ஆசையாச் செஞ்சுபோட்டாரு, வெளிய இருக்கற அழகு கெடாம உள்ள மட்டும் மூடிக் குடுங்கன்னாரு. உங்க கிட்டச் சொல்லக்கூடாதுன்னும் சொன்னாரு. பாருங்க, சொல்லிப்போட்டேன்."

அன்றிரவு தூங்கவில்லை. என்னென்னவோ தோன்றியது. என் கைவேலையில் நம்பிக்கை இல்லை. பயந்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் கொப்பரைக் களத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருப்பார். போன் செய்து கேட்டால் இரண்டு நிமிஷம். பதினான்கு வருஷத்தில் கேட்டுப் பழக்கமில்லை. அதற்குப் பதிலாகப் பந்தயத்துக்கு முந்தின கடைசிப் பயிற்சிக்கு நேரமே போய், அவர் வருவதற்குள் எட்டு அடைப்பையும் துளைப்பானால் உருவி எடுத்தேன். அவர் வந்ததும், "இன்னைக்கு மொதல்ல நான் ரெண்டு சுத்து போய்ட்டு வாரேனுங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நீங்க எதுக்குங்க..." என்று ஆரம்பித்து, எப்போதும் போல, "சரிங்க" என்று முடித்தார்.

முதல் சுற்று மெதுவாக. இரண்டாவதில் நேர்பாதையில் முழுக்க அழுத்தினேன். வளைவு வந்தது. மூக்கு, என் மூக்கு, நான் வரைந்த மூக்கு, ஆணியடித்தது போலத் தரையில் உட்கார்ந்தது. திருப்பின இடத்துக்குத் திரும்பியது. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. அப்புறம் பின்பக்கம் எடையே இல்லாமல் மிதக்கிறதை இடுப்பு உணர்ந்தது, பயத்தில் காலை எடுத்தேன். எடுத்த மறுநொடி வண்டியின் வால் என்னைத் தாண்டி முன்னால் வந்தது. வானம், மண்மேடு, வானம். செம்மண்ணில் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றேன்.

புழுதிக்குள்ளிருந்து மாப்பிள்ளை ஓடிவந்தார். அவ்வளவு தூரம் ஓடி நான் பார்த்ததில்லை. கதவைப் பிடுங்கினார்.

"அறிவிருக்குதா மச்சான்? எதுக்குத் தொறந்தீங்க? வாலு சுத்தும்னு தெரிஞ்சுதான நான் மூடுனேன்! தங்கச்சி ஊட்டுக்காரன் செத்தாப் பத்தாதுன்னு நீங்களும் சாகோணுமா?"

அவர் இரண்டு கையாலும் என் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டே பேசினார். முன்பக்கம் அழுந்தி உட்கார்ந்ததால் பின்பக்கம் லேசாகிவிட்டது. முதல் நாள் இரண்டாவது சுற்றிலேயே வால் போகப் பார்த்தது. எப்படியோ பிடித்து நிறுத்தினார்.

"நல்லா இருக்குதுன்னீங்களே."

"ஞாயித்துக்கெழமை பூரா நின்னு தேச்சீங்க. அதுல போய் எப்படீங்க சொல்றது? பழைய மாதிரியே ஓட்டிக்கலாம், அது பழகுன பயம்னு இருந்தேன்."

பழகிய பயத்தோடு பந்தயத்துக்குப் போகத் துணிந்திருக்கிறார், என் மனம் நோகாமல் இருப்பதற்காக.

"அடைச்சிருந்தது எனக்கும் தெரியும். விரல் உட்டுப் பாத்தேன்" என்றேன். "இளநி குடிச்ச அன்னைக்கே."

அவர் கை நின்றது. "அந்தக் காய் சூடா இருந்துச்சுங்களா?"

"வெந்நீர்ங்க."

சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. பிறகு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செவுள் வேலை செய்தது. அதற்கேற்பப் பின்பக்கத்தை யாரும் அழுத்திப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு வாரம் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பாய்க்குப் போன் போட்டோம். பின்பக்கத்தைக் காற்றே அழுத்திப் பிடிக்கிறாற்போல டிக்கியின் மேல் விளிம்பில் நிமிர்த்தி வைக்க ஒரு அலுமினியப் பட்டை மடித்து, மத்தியானத்துக்குள் தானே ஸ்கூட்டரில் கொண்டுவந்து ரிவெட் அடித்தார். முன்னால் பக்கத்துக்கு இரண்டு செவுளை மட்டும் விட்டு, மற்றதை டேப் ஒட்டி மூடினோம். "தொற, மூடு, பாதி தொற. செவுளுக்கே கூச்சமா இருக்கும்ங்ணா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினவரும் அவர்தான்.

மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். நான் சுவர் ஓரம் நின்றேன். முதல் சுற்றில் சத்தம் அறுந்தது. இரண்டாவதில் அறுந்தது, கொஞ்சமாக. நாலாவதில் மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே இழையாக ஓடி, நூல் அறுபடாமல், இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

வந்து நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். நானாகத்தான் கேட்டேன், "எப்படீங்க?"

யோசித்தார். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

"வளைவு பயமில்லீங்க. பின்னாடி இன்னும் லேசா இழுக்குது, அந்தப் பட்டையை ஒரு விரக்கடை தூக்கோணும். அப்புறம் போன மாசம் நீங்க மாத்துனீங்களே முன்னாடி ஸ்பிரிங், அது சுத்தமாச் சரியில்லீங்க. ஆரம்பத்துல இருந்தே சரியில்லீங்க."

சுருக்கென்றது. அந்த ஸ்பிரிங்கைத் தேடி நான் எத்தனை கடை ஏறி இறங்கினேன். "மாத்திரலாமுங்க" என்றேன். அவர் தட்டுத் தடுமாறாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்; கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நடுங்கவில்லை.

அவர் முகம் துடைக்கத் திரும்பினபோது, திறந்திருந்த செவுளுக்குள் சுண்டுவிரலை விட்டேன். முழு விரலும் போயிற்று. வெளியே எடுத்தபோது நகம் வரைக்கும் டயர்த்தூள் கருப்பு.

"இன்னும் நம்பலீங்களா மச்சான்?" பின்னாலிருந்து அவர் குரல்.

"நம்பலீங்க" என்றேன்.