பின்தெருவிலிருந்து முன்வாசலுக்கு

சத்தியப்பிரியா இன்றைக்கு எம்.பி. பள்ளிக்கூடம் படித்த காலத்தில், சனி ஞாயிறு வந்தால் கீழச்சிவல்பட்டிப் பெரிய வீட்டின் பின்கட்டில் அம்மா அக்கம்மாளோடு பாத்திரம் தேய்த்தவள். அந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வேலைக்கு வருகிறவர்கள் பின்தெருவோடு வந்து பின்தெருவோடு போய்விட வேண்டும். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. மீறவும் யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் நர்ஸ் படித்தாள். கிராம சுகாதாரச் செவிலியராகப் பதினாலு வருஷம், பதினோரு ஊர், ஒரு ஓட்டை ஸ்கூட்டி. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆம்புலன்ஸ் வரவில்லையென்றால் அதிகாரி வீட்டு வாசலில் போய் நின்று கத்துவாள். மூன்று தடவை இடம் மாற்றினார்கள். போன இடத்திலும் கத்தினாள். அந்த வாய்க்காகத்தான் கட்சி சீட்டுக் கொடுத்தது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மனுத்தாக்கலுக்கு முந்தின நாள், கட்சிக்குத் தேர்தல் பணம் போடும் பெரிய வீட்டுச் சத்தியமூர்த்தி அவளை விருந்துக்கு அழைத்தார். சத்தியப்பிரியா நேரே பின்தெருவுக்குப் போனாள். மகள் சம்பளக்காரியான பிறகும் கை சும்மா இருக்காத அக்கம்மாள், அந்த விருந்துக்கும் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிம்மா, சாப்பிடப் போவம்."

"இப்படியே உள்ள போனா நாலு எட்டுத்தானத்தா?"

"சுத்தித்தான் போறோம்."

மாவட்டச் செயலாளர் அழகுசுந்தரம் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஏம்மா, அவுக முகம் சுளிச்சா ராத்திரிக்குள்ள சீட்டு வேற ஆளுக்குப் போயிரும். அம்மாவை இன்னொரு நாள் கூட்டியாரலாமே!"

"போனாப் போகட்டும்ணே. ஊசி போட்டுப் பிழைச்சுக்கிருவேன்."

மதில் நீண்டுகொண்டே போனது. சுற்றி வந்து முன்வாசலில் நின்றதும் அக்கம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

"இது யார் வீடுத்தா?"

"நீ முப்பது வருசமாப் பாத்திரம் தேச்ச வீடும்மா."



சத்தியமூர்த்தி சால்வையோடு வாசலுக்கு வந்தார். "வாங்க, வாங்க" என்றார் வேட்பாளரைப் பார்த்து.

அவள் அசையவில்லை. "அம்மாவைப் பாத்துச் சொல்லுங்கய்யா. அப்பத்தான் படி ஏறுவேன்."

அழகுசுந்தரம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சத்தியமூர்த்தி, அக்கம்மாளின் ஈரக் கையையும் தூக்கிச் செருகிய சேலையையும் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"வாங்க" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று அக்கம்மாள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.