அப்பவே சொன்னேன்ல

போன வியாழக்கிழமை, நண்டு வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆரம்பாக்கத்துக்கு ரயில் ஏறினேன். நண்டு எங்கள் தெருமுனையிலேயே கிடைக்கும். அது என் மனைவிக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக் கொடுத்தாள்.

ஆரம்பாக்கத்தில் என் தங்கை இருக்கிறாள். நானும் அவளும் பேசி நான்கு வருஷம் ஆகிறது.

இதற்கு முன்னாலும் இரண்டு தடவை இப்படிக் கிளம்பிப் போயிருக்கிறேன். முதல் தடவை ஸ்டேஷனிலிருந்தே அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை கொஞ்சம் முன்னேற்றம் — அவள் தெருமுனை வரை போய், டீக்கடையில் இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். ஆட்டோக்காரர், கேபிள்காரர், கஸ்டமர் கேர் பெண், ஒரு தடவை லிஃப்டில் தானாகப் பேசுகிற குரல்... இவர்களோடெல்லாம் நான் போட்ட சண்டைகளை வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் படித்துச் சிரித்திருக்கிறீர்கள். அப்பேர்ப்பட்ட சூரனுக்குத் தங்கை வீட்டுக் கதவைத் தட்டப் பயம்!

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் எழுதியும் இதை மட்டும் எழுதியதில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திர எல்லையில் பிறந்தவர்களுக்கு ‘அப்பா’ என்பது பாடப்புத்தகத்தில் வருகிற ஆள். நைனாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் படுக்கையில் இருந்தார், தங்கை வீட்டில். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். நான்? சென்னையிலிருந்து போனில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். தூரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் எவ்வளவு நல்ல நல்ல யோசனைகள் வருகின்றன! அதில் ஒன்று, அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. நைனா வரமாட்டேன் என்றார். அவளும் வற்புறுத்தவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் போய்விட்டார். நான் போய் இறங்கியபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தங்கை எழுந்து ஓடிவந்தாள். அதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

“அப்பவே சொன்னேன்ல, மெட்ராசுக்கு அனுப்புனு? நீ கேட்டிருந்தா இன்னிக்கு நைனா இருந்திருப்பாரு.”

துக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். எட்டு மாதத்தில் நீ எத்தனை நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொண்டிருப்பேன்? கேட்கவில்லை. திரும்பிப் போய் நைனாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். காரியம் முடிகிற வரை எனக்குச் சாப்பாடு வந்தது, காபி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

நாக்கை அடக்கு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யாதவர் யார்? நானும் செய்தேன், பரீட்சையில் மார்க்கும் வாங்கினேன். கோபத்தை அடக்கினால் பிரஷர் ஏறும் என்பார் ஒரு டாக்டர் நண்பர். அடக்காமல் விட்டும் எனக்கு ஏறித்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடமிருந்து போன் வரும். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, அந்த ஆட்டோக்காரன் அவ்வளவு பேசியிருக்க மாட்டான், நீதான் பேசியிருப்பாய் என்பாள். சரியாகவும் இருக்கும். இப்போதும் ஞாயிறு காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடக்கிறேன். என்னைக் குற்றம் சொல்ல அவள் இல்லாமல் எழுதுவதே ருசிக்கவில்லை. ஏக்கம் என்றால் என்ன என்று ஐம்பத்தெட்டு வயதில்தான் எனக்குப் புரிந்தது.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கும் கால் அவள் தெருப்பக்கம் போகவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். நண்டு வாங்க வேண்டுமே!

பழவேற்காடு ஏரி இந்தப் பக்கத்தில் ஆழமில்லை. கரைக்குச் சற்றுத் தள்ளி இரண்டு பெண்கள் தண்ணீருக்குள் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். கழுத்துக்கு மேல்தான் தெரிந்தது. மூத்தவர் கன்னியம்மா, இளையவர் அஞ்சலை. ஓரகத்திகள், அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டவர்கள். இந்த விவரமெல்லாம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டது.

கையால் இறால் பிடிக்கிற வேலை. இரண்டு கைகளும் அடிச் சேற்றைத் துழாவும். இறால் தட்டுப்பட்டால் அமுக்கி எடுத்துப் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது பனை ஓலையில் பின்னிய கூடை. கைகள் வேலையாக இருப்பதால் அதைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். ஆகவே தண்ணீரில் இருக்கிற வரைக்கும் பேச்சு கிடையாது. எனக்குச் சத்தியமாக ஒத்துவராத தொழில்.

பதினோரு மணி இருக்கும். ஒரு மோட்டார் போட் அவர்களை உரசுகிற மாதிரி போனது. அலையில் சேறெல்லாம் கலங்கிவிட்டது. போட்டில் இருந்த ஆள் மன்னிப்புக் கேட்பானா? வழியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவர்களையே திட்டினான். அவர்களைப் பெற்றவர்களையும் விடவில்லை.

அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. பதிலுக்கு வாயைத் திறந்தார்.

பறி விழுந்து கவிழ்ந்துவிட்டது. உயிருள்ள இறால், விட்டால் நிற்குமா? காலையிலிருந்து பிடித்தது அத்தனையும் போயிற்று. அவர் திட்டியதாவது அந்த ஆளுக்குக் கேட்டதா என்றால், அதுவும் இல்லை. போட் அதற்குள் தூரத்துக்குப் போயிருந்தது. கரையில் நின்றுகொண்டு நானும் கொஞ்சம் கத்தினேன். என் வாயில்தான் பறி இல்லையே.

கன்னியம்மா வாயைத் திறக்கவில்லை. பறியை இறுக்கிக் கடித்துக்கொண்டு அப்படியே நகர்ந்து போனார். அஞ்சலை கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மிதந்த பறியைப் பிடித்து, மறுபடி மண்டியிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் கரை ஏறினார்கள். கன்னியம்மாவின் பறி நிறைந்திருந்தது. அஞ்சலையிடம் ஒரு கைப்பிடி தேறலாம்.

இப்போது வரும் என்று காத்திருந்தேன். எது? அதுதான்... ‘அப்பவே சொன்னேன்ல, தண்ணியில வாயத் தொறக்காதனு!’ நம் வீடுகளில் பால் பொங்கி வழிந்தால் இது வருகிறது. சாவி தொலைந்தால் வருகிறது. பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டால், மார்க் ஷீட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. இங்கே மட்டும் வராமலா போகும்?

வரவில்லை. கன்னியம்மா தன் பறியிலிருந்து பாதியை அஞ்சலையின் பறியில் கொட்டினார். தலையைத் துவட்டிக்கொண்டே, இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்றார். ஆமாம் என்றார் அஞ்சலை. அதோடு சரி.

அஞ்சலை துணி மாற்ற அந்தப் பக்கம் போனதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கிட்டே போய்க் கேட்டேவிட்டேன். அந்தம்மாவை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே, உங்களுக்குக் கோபமே வரவில்லையா?

கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ வேலையில்லாத ஆள் என்று முடிவு செய்துகொண்ட மாதிரி இருந்தது.

“வராம இன்னா சார்? வந்துச்சு. ஆனா போனது அவ எறா. போச்சுனு அவளுக்குத் தெரியாதா? அத நான் வேற சொல்லணுமா?”

நண்டு வாங்கினேனா என்று யாரும் கேட்காதீர்கள். அடுத்த ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. எட்டு மாதம் ஊட்டிவிட்டவளுக்கு நைனா போய்விட்டார் என்று தெரியாதா? அதை நான் வேறு போய்ச் சொன்னேன். அதுவும் எப்படி!

இந்தத் தடவை டீக்கடையில் நிற்கவில்லை. நேராகப் போய் கேட்டைத் தட்டினேன். தங்கை வந்தாள். தலை ஏகத்துக்கு நரைத்திருந்தது. நான்கு வருஷத்தில் இவ்வளவு நரைக்குமா? வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

ஆட்டோவில் நிறைய வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். எழுத்தாளன் அல்லவா! வந்தது இவ்வளவுதான்.

“அன்னிக்கு நான் பேசுனது தப்பு, பாப்பா. உம்மேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“நைனா தண்ணி கேட்டாருணா. நான் அடுப்ப அணைச்சிட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு. எம்மேலதான் தப்போனு அழுதுக்கினே இருந்தேன். நீ வந்தா கேக்கலாம்னு இருந்தேன். உன் தப்பு இல்லனு நீ சொல்லுவேனு...”

மேற்கொண்டு அவளால் பேச முடியவில்லை.

என் மேல் கோபம், அதனால்தான் பேசவில்லை என்று நான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் அன்றைக்கு என்னிடம் ஒன்றைக் கேட்பதற்காக ஓடிவந்திருக்கிறாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே நான் பதில் சொல்லிவிட்டேன். அவள் எந்தப் பதிலுக்குப் பயந்தாளோ, அதே பதிலை.

விளக்கங்கள் தொண்டை வரை வந்தன. அன்றைக்கு எனக்கு இருந்த துக்கம், டென்ஷன், சென்னைக்குக் கொண்டுவந்தால் பிழைப்பார் என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னது... எல்லாவற்றையும் விழுங்கினேன். பழக்கமில்லாத வேலை.

அவள் கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“அத இன்னொரு வாட்டி சொல்லுணா.”

சொன்னேன். உம்மேல ஒரு தப்பும் இல்ல. நாலே வார்த்தை... அன்றைக்கு அந்த வாசலில் இதைச் சொல்லுகிற அளவுக்கு மட்டும் எனக்கு வாய் இருந்திருந்தால் போதும்.