மலைக்குப் போட்ட பூச்சியம்

மத்தேயுவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பதுளையில் நான் கண்டதில்லை. தந்திக்காரன் படியேறினாலே அவன் முகம் வெளிறிவிடும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் எனக்கும் அவனுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. பயந்தவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அதனால் அவனை நிறையவே திட்டியிருக்கிறேன்.

ஊர் எது என்று கேட்டால் பதுளை டவுன் என்பான், அதற்கு மேல் பேசமாட்டான். எங்கள் அலுவலகப் பெரியவர் தேநீர் வேளையில், தேயிலைத் தோட்டத்துத் தமிழரை இளக்காரம் செய்யும் தோட்டக்காட்டான் பகிடி ஏதாவது சொல்லுவார். எல்லோரும் சிரிப்போம். மத்தேயுவும் சிரிப்பான்.

எண்பத்து நாலு ஜூனில் கொழும்பிலிருந்து ஆர்க்கிடெக்ட் ஸலீம் வந்தார். நமுனுகுல மலைக்கு மேற்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போக ஒரு பிள்ளைக்காம்பரா கட்டவேண்டும். பழையதில் விறகுப் புகையால் பிள்ளைகள் இருமுகின்றனவாம். அதனால் அடுப்பே இல்லாமல் வெயிலால் சூடாகும் கட்டடம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குள்ளே கறுப்புச் சாயம் பூசிய கல்சுவர். காலை வெயில் விழுந்து சுவர் சூடாகும், சுவரால் அறை சூடாகும். எந்த மாதம் எத்தனை மணிக்கு எவ்வளவு சூடு என்று கொழும்பில் அவருடைய கொம்பியூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். அதற்கு நாங்கள் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். மலை எத்தனை பாகை உயரத்துக்கு வெயிலை மறைக்கிறது என்று அதில் ஒரு கட்டம் கேட்டது.

அளந்து வர மத்தேயுவை அனுப்பினார்கள். மாலையில் வந்து அந்தக் கட்டத்தில் பூச்சியம் என்று எழுதினான். பூச்சியம் என்றால் அங்கே மலையே இல்லை. நமுனுகுல மலை! பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் பார்க்காமலே கிறுக்கிவிட்டுப் போனேன். தை மாதம் காலை ஏழு மணிக்கே அறை சூடாகிவிடும் என்று கொம்பியூட்டர் பதில் அனுப்பியது. ஸலீமுக்குச் சந்தேகம் வரவில்லை. அவர் ஜூனில் அந்த இடத்தில் நின்றபோது ஏழு மணிக்கு நல்ல வெயில்.

டிசம்பரில் கட்டடம் முடிந்தது. ஒரு நாள் மத்தேயு ஒரு கடிதத்தோடு என் மேசைக்கு வந்தான். அவன் தங்கச்சி பிரான்சிஸ்கா எழுதியது. அவள் அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். பழைய காம்பராவை அடுப்போடு இடித்தாயிற்று, பிறந்து மூன்று மாதமான தன் பிள்ளையைப் புதுக் கண்ணாடி வீட்டில்தான் விடப்போகிறாளாம். சந்தோசமாக எழுதியிருந்தாள். நான் படித்து முடித்ததும் மத்தேயு சொன்னான். என்னை அண்ணன் முறையில் நானா என்பான்.

"ஜூன் மாசம் சூரியன் மலைக்கு வடக்கால ஏறும், நானா. தையில மலைக்குப் பின்னால ஏறும். எங்க லயத்துக்கு எட்டரைக்குத்தான் வெயிலு. பிள்ளைங்கள ஆறரைக்கே வுட்டுட்டுப் போயிருவாங்க."

லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. எங்கள் லயம் என்று அவன் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன். சுவர் சூடேறப் பத்து மணியாகும். அதுவரை பனியில், அடுப்பில்லாத கண்ணாடி அறையில் பச்சைப் பிள்ளைகள். நானும் பயந்தேன். பிள்ளைகளுக்காகவா, என் கையெழுத்துக்காகவா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டிரு, பழி கொம்பியூட்டர் மேல் போகட்டும் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் அளவுக் கருவிப் பெட்டியோடு வந்தான். சப்பாத்தெல்லாம் சேறு, காலில் அட்டை கடித்த ரத்தம். நேரே பெரியவரின் அறைக்குள் போனான். திறப்பு விழா பற்றிப் பேச ஸலீம் அங்கே வந்திருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது.

அவனுக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். காய்ச்சல்காரன் குரல் அது. மலை இருபத்தெட்டுப் பாகை மறைக்கிறது, அடுப்பில்லாமல் திறக்க வேண்டாம் என்றான். ஸலீம் பழைய படிவத்தை எடுத்து, அப்படியென்றால் இந்தப் பூச்சியம் எப்படி வந்தது என்று கேட்டார்.

"அன்னைக்கு நான் அங்க போகல, பாதி வழியிலயே பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன், சேர். அது நான் பொறந்த லயம். அங்க என்னய எல்லாருக்கும் தெரியும். நான் தோட்டத்தான்னு இங்க தெரிஞ்சிருமேன்னு பயந்து பூச்சியம் போட்டுட்டேன்."

ஸலீம் படிவத்தின் அடியில் இருந்த கிறுக்கலைக் காட்டி, சரிபார்த்தது யார் என்றார். என் மேசைக்கும் அந்த அறைக்கும் பத்தடி தூரம். எழுந்து நிற்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எழவில்லை. மத்தேயு என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அதும் நான்தான், சேர்."

புகைபோக்கி வைத்த அடுப்பு ஒன்று கட்டிய பிறகே அந்தக் காம்பராவைத் திறந்தார்கள். பிரான்சிஸ்காவின் பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. மத்தேயுவை அன்று மாலையே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் தேநீர் வேளையில், காலியாய்க் கிடந்த மேசையைப் பார்த்துப் பெரியவர் ஒரு தோட்டக்காட்டான் பகிடி சொன்னார். நானும் சிரித்தேன்.