என் செத்தவீட்டுக்கு நான் பிந்திவிட்டேன்

போன கிழமை ஒரு காலை. சுகந்தி குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் விடாமல் அடித்தது. மனைவி டீச்சர்; அவளுடைய போனை நான் எடுப்பதில்லை. அன்று எடுத்தேன்.

"எப்ப எடுக்கிறாங்க?" என்றது ஒரு பெண் குரல். அழுது அடைத்த குரல்.

"என்னத்தை?"

"பிரேதத்தைத்தான். இண்டைக்கா, நாளைக்கா?"

"ஆர்ட பிரேதம்?"

"ஐயோ... டீச்சர்ட அவர்ட. நீங்க ஆரு கதைக்கிறது?"

"நான்தான் டீச்சர்ட அவர்."

மறுமுனையில் மூச்சு நின்றது. பிறகு லைன் நின்றது.

இப்படி ஒரு செய்தி வந்தால் மனிதன் தன்னைத் தானே தொட்டுப் பார்ப்பான் என்று கதைகளில் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். உண்மையில் அப்படி நடப்பதில்லை. கையில் இருந்த தேநீரை ஒரு மிடறு குடித்தேன். இனித்தது. சரி... இருக்கிறேன்!

அடுத்த நிமிடம் என் போனுக்கே படம் வந்து சேர்ந்தது.

இந்தப் பக்கத்தின் தலையில் இருக்கும் என் படத்தை ஒருமுறை பாருங்கள். அதே படம்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. சுற்றிவர வெள்ளைப் பூ. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே என் பெயர். அதற்கும் கீழே, 'ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்'. சந்திகளில் கட்டியிருக்கும் இப்படியான பெனர்களில் எத்தனை முகங்களை ஒரு கணம் பார்த்துவிட்டு நான் பைக்கைத் திருப்பியிருப்பேன்! இப்போது அங்கே என் முகம். அந்தச் சட்டத்துக்கு அது அவ்வளவு பொருத்தமாக இருந்ததுதான் முதல் அதிர்ச்சி.

சுகந்தி ஈரத் தலையோடு வந்து பார்த்தாள்.

"இதார் செய்த வேலை?" என்றாள். அடுத்த வார்த்தையில் அவள் முகம் மாறியது. "ஐயோ, யோகக்கா பாத்தாவெண்டா?"

அப்போதுதான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

யோகேஸ்வரி என் அக்கா. அம்மாவும் அப்பாவும் போனபின் எனக்கென்று இருக்கும் ஒரே உடன்பிறப்பு. மாங்கேணியில் தனியாக இருக்கிறார். கருவாடு போட்டு விற்கிறார். போன வருடம் நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தார்கள். அதிர்ச்சியான செய்தி எதையும் சட்டென்று சொல்லிவிடாதீர்கள் என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். என் மரணத்தைவிட அதிர்ச்சியான செய்தியை அக்காவுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அக்காவுக்கு அடித்தேன். அடித்தது. எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். எடுக்கவில்லை.

ரஞ்சனுக்கு அடித்தேன். ரஞ்சன் என் பள்ளிக்கூட நண்பன். களுவாஞ்சிக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான்; அஞ்சலிப் படத்தின் மூலையில் இருந்தது அந்த ஸ்டூடியோவின் பெயர்தான். இந்தப் பத்திக்குப் புதுப் படம் வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது, முந்தின நாள் எடுத்துத் தந்தவனும் அவன்தான்.

"மச்சான், நான் செத்திட்டனாம்."

"விடிய வெள்ளன என்னடா பகிடி?"

"உன்ட பெனர்தான் சொல்லுது."

கீபோர்ட் தட்டும் சத்தம். பிறகு, "அட கடவுளே!"

ரஞ்சனின் பெருமையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். முன்பெல்லாம் படங்களைப் பென் ட்ரைவில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெனர் அடிக்கும் கடைக்கு பஸ்ஸில் வருவான். இப்போது எல்லா வேலையும் தானாகவே நடக்க ஒரு வேர்க்ஃப்ளோ கட்டி வைத்திருக்கிறான். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் படம் விழுந்ததும் அது இணையத்தில் இருக்கும் ஒரு கிளவுட்டுக்கு ஏறும். போகிற வழியிலேயே டிசைனுக்குள் போய் உட்காரும். ஃபைலின் பெயரையே ஆளின் பெயராக எடுத்துக்கொள்ளும். பிறகு பெனர் கடைக்காரர் வைத்திருக்கும் இன்னொரு கிளவுட்டுக்குத் தாவும். ஸ்டூடியோவின் ஃபேஸ்புக் பக்கத்திலும் தானாகவே ஏறும். "நான் நித்திரையாக் கிடந்தாலும் கடை நடக்கும் மச்சான்" என்று படம் எடுத்த அன்றும் சொன்னான். நானும் வாயைப் பிளந்து கேட்டேன்.

"என்ட படத்தை ஏன்டா அஞ்சலிக்குள்ள போட்டாய்?"

"நான் எங்கயும் போடல்ல. கம்ப்யூட்டர்தான் படத்தைப் பாத்துப் பிரிக்கிறது. மாலையும் ரெண்டு பேருமெண்டா கலியாணம். வயசுக்கு வந்து பூ வச்ச பிள்ளையெண்டா சாமத்தியவீடு..."

"நான்?"

மறுபடியும் கீபோர்டைத் தட்டினான்.

"சொல்லுடா!"

"தனி ஆள். நடுத்தர வயசு. சிரிப்பில்ல." அவன் தொண்டையைச் செருமினான். "அப்பிடி வாற படமெல்லாம் எங்கட கடையில அஞ்சலிதான் மச்சான். அதைப் பாத்துப் பாத்துத்தான் அது பழகியிருக்கு."

யோசித்துப் பாருங்கள். என்னுடையது சிந்தனை தேங்கிய முகம் என்று இத்தனை காலமும் நான் நம்பியிருந்தேன்.

"அனுப்ப முதல் உன்னட்டக் கேக்காதா?"

"கேக்கும். நான் ஓகே அடிச்சாத்தான் போகும். இது கலியாண மாசம், நிமிசத்துக்கொருக்காக் கேட்டுக் கரைச்சல். போன கிழமை அந்தக் கட்டத்தைக் கழட்டிட்டன்."

"நிப்பாட்டுடா!"

"நிப்பாட்டிட்டன். ஃபேஸ்புக் பக்கத்திலயும் அழிச்சிட்டன். இனிப் போகாது. ஆனா போனது... போனதுதான்."

மாங்கேணிக்குப் போகப் பைக்கை எடுத்தேன். ஒரு கிளவுட்டிலிருந்து இன்னொரு கிளவுட்டுக்கு என் சாவு கண் இமைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் உயிரோடு இருக்கும் செய்தியோ ஹெல்மட் போட்டுக்கொண்டு, ஏறாவூர்ச் சன நெரிசலுக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டு, லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போனது. இடது பக்கம் வாவி தெரிந்தும் தெரியாமலும் கூடவே வந்தது. தண்ணீருக்கு மேல் ஒரு கொக்கு. அதற்கு எந்த அவசரமும் இல்லை. ஓட்டமாவடிப் பாலத்தில் எதிரே வந்த பஸ் ஒன்று என்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனது. ட்ரைவரைத் திட்டினேன். செத்தவன் திட்டியதை அவர் எங்கே கேட்டார்?

மாங்கேணி. அக்காவின் வீட்டுப் படலை சாத்தியிருந்தது. கதவில் பூட்டு. போனை எடுத்து அக்காவுக்கு அடித்தேன்... பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அது அடித்தது!

வெளியில்தானே பூட்டு, அப்படியென்றால் உள்ளே அவர் இல்லை, என்று மூளை சொன்னது. கால் கேட்கவில்லை. ஜன்னலுக்கு ஓடினேன். மேசையில் சார்ஜில் கிடந்த போனைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த சுளகு நழுவியது.

"ஆத்தே! தம்பி... நீங்க..."

"சாகல்ல அக்கா. அது பிழையாப் போட்டது. யோகக்கா எங்க?"

"உங்கட செத்தவீட்டுக்குத்தான் போயிற்றா! காலத்தால பஸ்ஸில. நான்தான் போனில படத்தைக் காட்டினன். நெஞ்சில அடிச்சு அழுதுபோட்டு, வெள்ளைச் சீலை உடுத்து, போனையும் மறந்துபோட்டு ஓடிட்டா."

பாலத்தில் என்னைத் தள்ளிய பஸ்! எனக்காக அழுதுகொண்டு என் அக்கா என்னைக் கடந்து போயிருக்கிறார். அவருடைய தைத்த நெஞ்சு, அந்தக் குலுக்கும் பஸ், எனக்கான ஒப்பாரி. எல்லாம் ஒரே சீட்டில்.

திரும்பி வந்த வழியில் நான் என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். சாமிகளுக்கு நினைவிருக்கும். ஏறாவூரைத் தாண்டும்போது போன் அதிர்ந்தது. சுகந்தியின் நம்பர். எடுக்கப் பயந்தேன். எடுத்தேன்.

"எங்கடா நிக்காய்?" அக்கா! "உன்ட செத்தவீட்டுக்கு வந்திருக்கன், உன்னக் காணல்ல!"

வீதியோரம் நிறுத்தி, ஹெல்மட்டுக்குள் அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா சோற்றுக்கோப்பையோடு கதிரையில் இருந்தார். ரஞ்சனும் வந்திருந்தான். அச்சடித்த பெனரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, குற்றவாளிபோல்.

"நெஞ்சுக்கு ஒண்டும் செய்யல்லயா அக்கா?"

"பஸ் ஏறின நேரந்தொட்டு ஓட்டமாவடி வரைக்கும் அழுதன். அங்க ஏறின முஸ்லிம் காக்கா ஒருவர் பக்கத்தில குந்தி, 'ஏன் அக்கா அழுறீங்க' எண்டார். தம்பி செத்திட்டான் எண்டன். பேரைச் சொன்னா, அவர்ட போனிலயும் உன்ட படம் கிடக்கு! பெருப்பிச்சுக் காட்டினார். மேல வாசிச்சன், கீழ வாசிச்சன். என்ட பேர் இல்ல."

"அதுக்கு?"

"அதுக்கெண்டா? யோகேஸ்வரியின் அன்புச் சகோதரன் எண்டு போடாம நீ எப்பிடிடா சாவாய்? பொண்டாட்டிட பேருமில்ல, ஒருத்தருமில்ல. பொய்யெண்டு விளங்கிட்டு. அதுக்கு மறுகா நான் அழல்ல. பாவம், அந்தக் காக்காதான் நம்பாம இறங்கும்வரைக்கும் தண்ணி வாங்கித் தந்தார்."

அஞ்சலி பெனர் வேறு, மரண அறிவித்தல் வேறு என்று ரஞ்சன் விளக்கப் பார்த்தான். அக்காவின் பார்வையில் அடங்கிவிட்டான்.

யார் சரி? எங்கள் பக்கத்தில் ஒருவர் தனியாகச் சாவதே இல்லை. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர், காலஞ்சென்ற இன்னாரின் பேரன் என்று ஊரே கைகோத்து நின்றபின்தான் கடைசியில் அந்தச் செய்தி வரும். வேர்க்ஃப்ளோவிடம் இருந்ததோ ஒரு முகமும் ஒரு ஃபைல் பெயரும்.

"ஓகே கேக்கிற அந்தக் கட்டத்தைத் திருப்பிப் பூட்டிட்டன் அக்கா. இனி என்னட்டக் கேக்காம ஒண்டும் போகாது" என்றான் ரஞ்சன்.

அக்கா கை கழுவிவிட்டு வந்து பெனரை விரித்தார். விரலால் அதன் கனத்தைப் பார்த்தார். "நல்ல சாமான். கருவாடு மூட ஆகும்."

"அக்கா, அதில என்ட மூஞ்சி..."

"அதுதான் நல்லது. காகமும் கிட்ட வராது."

சுகந்தி சிரித்த சிரிப்பைத் தெருவே கேட்டிருக்கும். அக்கா சிரிக்கவில்லை. பெனரைச் சுருட்டியபடி ரஞ்சனிடம் சொன்னார்:

"மெய்யாவே இவனுக்குப் போடுற அண்டைக்கு என்ட பேரை முதலாவதாப் போடு. நான் முந்திப் போயிட்டா 'காலஞ்சென்ற' எண்டு எழுதி, மறுகா என்ட பேரைப் போடு. விடப்படாது. விளங்கிச்சா?"

ரஞ்சன் என்னைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். இந்தமுறை நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொன்னான்:

"ஓகே."