இரும்பையும் காட்டும் மிஷின்

எனக்குப் பொத்தான் பைத்தியம். பாரிசில், லா சப்பலில் ஒரு சாறிக் கடையின் பின்னறையில் இருந்து சட்டை தைப்பதுதான் என் வேலை. நாள் முழுக்க ஊக்கும் பொத்தானும் தைக்கிறவளுக்கு அவற்றைக் கண்டாலே வெறுப்பு வரவேண்டும். எனக்கு என்னவோ ஆசைதான் வந்தது.

பாரிசுக்கு வெளியே ஸ்தேன் என்ற ஊரில் ஒரு பழைய சாமான் சந்தைக்குப் போனபோது அந்த ஆசை முற்றிவிட்டது. அங்கே ஒரு கிழவர் தட்டு நிறையப் பித்தளைப் பொத்தான்களை அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் பழைய பட்டாளத்துக் கோட்டுகளில் இருந்து அறுந்து விழுந்தவை, வயல்களில் தானே தேடி எடுத்தவை என்றார். விலை கேட்டேன். விற்பதற்கில்லை, காட்டுவதற்குத்தான் என்றார். எனக்குக் கோபம் வந்தது. யாரோ ஒருத்தி தைத்த பொத்தான், யாரோ ஒருவன் தொலைத்த பொத்தான், அதை இவர் மட்டும் வைத்துக் கொண்டாடுவதா? என்ன மிஷினால் தேடினீர்கள் என்று கேட்டு அறிந்துகொண்டுதான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தேன்.

கடை முதலாளி அக்காவிடம் மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் அவர் கையிலிருந்த சாறியைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, உமக்கென்ன விசரே? பொத்தான் வேணுமெண்டால் இஞ்சை பெட்டி பெட்டியாக் கிடக்கு. அதுக்கேன் மண்ணைக் கிண்டுவான்?"

அவர் சிரித்தது எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில்தான் சிக்கல். மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று விஷயத்தைச் சொன்னபோது என் மனுசன் தேத்தண்ணீரைக் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்த மிஷினை அங்கை கனக்கப் பாத்திட்டுத்தான் வந்தனான்," என்றார்.

அவர் இலங்கையில் போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவர். நான் சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டவள். பாரிசில்தான் கல்யாணம். அவரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: மண்ணில் கால் வைக்கமாட்டார். பூங்காவுக்குப் போனால் சீமெந்துப் பாதையை விட்டு இறங்கமாட்டார். எல்லாரும் புல்லில் பாய் விரித்துப் புட்டும் கறியும் சாப்பிட, இவர் பாதையோரத்து வாங்கிலில் தனியாக இருந்து சாப்பிடுவார். வன்னியில் ஒருநாள் தனக்கு முன்னால் நடந்துபோன சிநேகிதன் பாதையை விட்டு ஓரடி விலகினான் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். மிச்சத்தை நான் கேட்கவில்லை. மிதிவெடி என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அப்படிப்பட்ட மனுசனிடம் போய் மண்ணைக் கிண்டும் ஆசையைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். ஆனால் ஆசை என்ன நேரம் பார்த்தா வருகிறது? தனியாகவே போய் வாங்குகிறேன் என்றேன். அதற்கு அவர் விடவில்லை. தானும் வருவதாகச் சொல்லிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் ஒரு பிரெஞ்சு இளைஞர், வலு குஷியான ஆள். ஒரு காசை என் கையில் தந்து மிஷினின் அடியிலுள்ள வட்டத் தட்டுக்கு முன்னால் ஆட்டச் சொன்னார். நான் காசை ஆட்டுவதற்கு முன்பே மிஷின் ஊரைக் கூட்டியது. என் காப்புகளைக் காட்டிச் சிரித்தார். தேடப் போகும்போது நகை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதையும் சேர்த்துக் காட்டும் என்றார். காப்பையும் மோதிரத்தையும் கழற்றி மனுசனின் சட்டைப்பைக்குள் போட்டேன். அதன் பிறகு மிஷின் ஒழுங்காக நடந்துகொண்டது.

எனக்குப் பிடித்தது ஒரு மெலிந்த, பாரமில்லாத மிஷின். அதன் பெரிய கெட்டித்தனம் என்னவென்றால், இரும்பைக் கண்டுகொள்ளாதாம். ஆணி, கம்பி, தகரம் எதற்கும் வாய் திறக்காதாம். பித்தளை, செம்பு, வெள்ளிக்கு மட்டும்தான் சத்தம் போடுமாம். எனக்கு வேறென்ன வேண்டும்? பணப்பையைத் திறக்கப்போன என் கையை மனுசன் பிடித்தார்.

"இரும்பைக் காட்டாட்டில் பிறகென்னத்துக்கு மிஷின்?"

"எனக்கு இரும்பு வேண்டாமப்பா. நான் தேடுறது பொத்தான்."

"உமக்கு வேண்டாம், சரி. உம்மடை காலுக்கு வேணும்."

ஐயா என்ன சொல்கிறார் என்று கடைக்காரர் கேட்டார். இரும்பு முழுவதையும் காட்டும் மிஷின்தான் வேண்டுமாம் என்றேன். இரும்பைக் காட்டாதது எது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள், இப்படி ஒருவரும் கேட்டதில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனவர், பாரமான இன்னொன்றைக் கொண்டு வந்தார். அது இரும்புக்குத் தடித்த குரலும் மற்றவற்றுக்கு மெல்லிய குரலும் கொடுக்கும். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம் அந்தப் பொடியன். பிரான்சின் வடக்கு வயல்களில் பழைய உலக யுத்தத்துக் குண்டுகள் இன்னும் கிடக்கின்றன, பெரிய சத்தம் கேட்டால் கிண்டாமல் பொலிசைக் கூப்பிடுங்கள் என்றும் ஒரு புத்திமதி சொன்னார். குண்டுக்கான பிரெஞ்சுச் சொல் மனுசனுக்கு நன்றாகத் தெரியும். என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

பாரமான மிஷின்தான் வீட்டுக்கு வந்தது. மெத்ரோவில் அந்த நீட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். கீழ்வீட்டு மனுசி என்ன, புது வக்கூம் கிளீனரா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இனிக் கிண்டுவதற்கு ஓர் இடம் வேண்டும். இந்த நாட்டில் நினைத்த இடத்தில் கிண்ட முடியாது. நிலத்துக்காரரின் சம்மதமும் வேண்டும், பழம் பொருள் தேடுவதென்றால் அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டும். எங்கள் ஆட்கள் பூசணிக்காய் பிடுங்கப் போகும் வயலின் சொந்தக்காரரைக் கேட்டேன், அறுவடை முடிந்த பிறகு வா என்றார். மற்றப் பப்பியேக்கு, அதுதான் அரசாங்க அனுமதிப் பத்திரத்துக்கு, எழுதிப்போட்டேன். வதிவிட அனுமதிக்கே வருடக்கணக்காகக் காத்திருந்து பழகிய எங்களுக்குப் பொத்தான் கிண்டும் அனுமதிக்குக் காத்திருப்பது ஒரு விளையாட்டு. ஒருவழியாக அதுவும் வந்தது.

அறுவடை முடிந்து நாங்கள் அந்த வயலுக்குப் போன அன்று நல்ல வெயில். மனுசன் காரை வயலோரத்துத் தார் ரோட்டில் நிறுத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் காப்பு, மோதிரம், தோடு எல்லாவற்றையும் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே இறங்கினேன். மிஷின் தடித்த குரலில் முனகிக்கொண்டே வந்தது. ஆணி, கம்பி, ஆணி. சரியான எரிச்சல். வயலின் நடுப்பக்கம் போனபோதுதான் மெல்லிதாக ஒரு கீச்சுக் குரல் கேட்டது.

மிஷினைப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு முழங்காலில் இருந்து கிண்டத் தொடங்கினேன். குனிந்ததும் மிஷின் கத்தியது. நிமிர்ந்தேன், அடங்கியது. மறுபடி குனிந்தேன், இன்னும் பலமாகக் கத்தியது. ஐயோ, கிட்டக் கிட்டப் போகிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பொத்தான் இல்லை, ஒரு பொத்தான் மூட்டையே இருக்கிறது! கை முழங்கை வரைக்கும் மண்ணுக்குள் போய்விட்டது. ஆழப் போகப் போக மிஷின் ஓலமிட்டது.

"கிண்டாதையும்! விட்டிட்டு வாரும்!" என்று ரோட்டிலிருந்து சத்தம் வந்தது.

நான் கேட்கவில்லை. அவர் மறுபடி மறுபடி கத்தினார். குரல் உடைந்துபோயிருந்தது. அதன் பிறகு ரோட்டுப் பக்கம் சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் என் தோளை ஒரு கை பிடித்து இழுத்தது. இழுத்த வேகத்தில் நான் பின்னால் சரிய, மிஷின் சட்டென்று அடங்கியது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், பிறகு என் கழுத்தைப் பார்த்தார்.

தாலிக்கொடி. சட்டைக்கு வெளியே வந்து, மண்ணும் தானுமாக, தொப்புள் வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்தபோதெல்லாம் அது மிஷினின் தட்டுக்கு மேலே ஊஞ்சலாடியிருக்கிறது. நகையைக் கழற்று என்று கடைக்காரர் சொன்னார், கழற்றினேன். தாலியை யார் நகைக் கணக்கில் சேர்ப்பார்கள்? முதல் கீச்சு என்னவோ, அதற்குப் பிறகு இவ்வளவு நேரமும் நான் தோண்டியது என் தாலியைத்தான்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் திடீரென்று நிறுத்திக் கீழே பார்த்தார். சப்பாத்து இரண்டும் மண்ணுக்குள். ரோடு எங்கேயோ இருந்தது. அவருடைய முகம் வெளிறிவிட்டது. காலை எடுக்க அவரால் முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. எந்தப் பொத்தானும் வேண்டாம், இந்த மனுசன் பத்திரமாக ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

மிஷினை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இரும்பையும் காட்டுமப்பா," என்றேன்.

அவர் அதை வாங்கி, முன்னால் தடவிப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியாக வைத்தார். தடித்த குரல் கேட்ட இடங்களைச் சுற்றிப் போனார். அவர் கால் வைத்த தடத்திலேயே நானும் கால் வைத்துப் பின்னால் போனேன். கேலி செய்ய வாய் வரவில்லை. பாதி வழியில் மிஷின் மெல்லிய குரலில் கீச்சென்றது. இதையும் சுற்றிப் போவார் என்று நினைத்தேன். அவர் நின்றார். தட்டை அந்த இடத்தில் இரண்டு மூன்று தரம் ஆட்டிக் கேட்டார்.

"இது சின்னச் சத்தம். இரும்பில்லை," என்றார். "கொடியை உள்ளுக்கு விட்டிட்டுக் கிண்டிப் பாரும்."

நான் கொடியைச் சட்டைக்குள் விட்டுவிட்டு முழங்காலில் இருந்தேன். அவர் விலகிப் போகவில்லை. குழிக்குப் பக்கத்திலேயே, மண்ணில், குந்தி இருந்தார்.