நான் எழுதாமல் விட்ட ஒரு வரி: வவுனியாவிலிருந்து நுரைச்சோலைக்கு

பிரெயில் நூல்களைப் பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது, புத்தளம் கரையோரத்துக்கு எந்த வழி நல்லது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் 2015 பெப்ரவரியில் போய்வந்தேன். வழியைச் சொல்கிறேன். அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த என்னால் முடியவில்லை. மிச்சத்தையும் பொறுமையாக வாசியுங்கள்.

நுரைச்சோலையில் நவ்சாத் என்று ஒருவர் இருக்கிறார். அப்போது வயது முப்பத்தெட்டு. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வந்த குடும்பம். மத்ரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வந்தவர். கண் அழுத்த நோயில் அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன் இரண்டு கண்களும் போய்விட்டன. மனைவி சரீனா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறார். அந்த வேலைக்கு நடுவில் அவரே பிரெயில் படித்து, கணவருக்கும் படிப்பித்து, மூன்று வருடமாக அவருக்கு நூல்கள் எழுதிக் கொடுத்து வந்தார்.

கொழும்பில் ஒரு பிரெயில் அச்சகத்துக்குத் தமிழில் பிழை திருத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. கண்ணால் பார்த்துத் திருத்துபவர் அல்ல, விரலால் வாசிப்பவர்தான் வேண்டும் என்றார்கள். புத்தளத்தின் தில்லையடியில் இருக்கும் ஓர் ஆசிரியை எனக்கு நவ்சாத்தின் பெயரைச் சொன்னார். தொலைபேசியில் அவரை வாசிக்கச் சொன்னேன். சரீனா எழுதிக் கொடுத்திருந்த, உப்பளத்தைப் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையை வாசித்தார். தடங்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை. முப்பத்தொரு வருடம் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். பெரியவராகி விரலால் படிக்கத் தொடங்கிய ஒருவரிடம் அந்த வேகத்தை நான் கண்டதில்லை. அன்றைக்கே சிபாரிசுக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். நேர்முகத்துக்குத் திகதி வந்தது. நான் நுரைச்சோலைக்குப் போன நாளில் அதற்குப் பதினெட்டு நாட்கள் இருந்தன.

நேர்முகத்தில் பிரெயில் எழுத்தாக்க விதிகளைக் கேட்பார்கள். தலைப்பை எத்தனை இடம் விட்டுத் தொடங்குவது, அட்டவணையை எப்படிப் பிரிப்பது, கவிதை வரி மடங்கினால் என்ன செய்வது, இப்படி. அதற்கான கைநூலின் இரண்டு பாகங்கள், கணிதக் குறியீடுகளுக்கு ஒரு சிறுநூல், விடைத்தாளோடு பயிற்சிப் பந்திகள் என்று எல்லாமாக ஆறு கிலோ எடுத்துக்கொண்டேன்.

வவுனியாவில் காலை 5.40க்குப் பஸ். அநுராதபுரம் 53 கிலோமீற்றர், கட்டணம் 92 ரூபாய், ஏழு மணி பத்துக்கு இறங்கினேன். அங்கிருந்து புத்தளம் 75 கிலோமீற்றர், 128 ரூபாய். ஏறியதும் கொண்டக்டர் என் பையைப் பிடித்து இழுத்தார். "அம்மா, பேக் மேல போடுங்க. ஆளுங்க நிக்க எடம் வேணும்."

"இது மேலே போடக்கூடாது தம்பி. மேலே மற்றச் சாமான் விழுந்தால் எழுத்து அழிஞ்சிடும்."

"எழுத்து அழியுமா? மை காயல்லையா?" என்று கேட்டுச் சிரித்தார். ஒரு பக்கத்தைத் திறந்து அவருடைய விரலை வைத்துக் காட்டினேன். புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். பிறகு புத்தளம் வரும்வரை யாரையும் என் மடியில் சாய விடவில்லை. நீங்களும் இந்த நூல்களைப் படுக்கப் போட்டு அடுக்காதீர்கள். பேக்கரியில் பாண் அடுக்குவதுபோல நிமிர்த்தி, இடையில் துவாய் வைத்து, மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தளத்தில் 9.50. கல்பிட்டி பஸ் பத்தரைக்குத்தான். பாலாவியில் திரும்பி நுரைச்சோலைக்கு ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், 40 ரூபாய். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வெகு தூரத்திலிருந்தே தெரியும். அதை வைத்தே இறங்கும் இடத்தைக் கணித்துவிடலாம். சந்தியிலிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றர், மணல் ஒழுங்கை, ஓட்டோவுக்கு 120 ரூபாய்.

ஓட்டோக்காரருக்கு விலாசம் தேவைப்படவில்லை. "நவ்சாத் மௌலவிட வீடா? நீங்கதான் அந்த டீச்சரா? கொழும்புல வேலை கெடச்சிட்டாமே!"

"இன்னும் கிடைக்கேல்லை. நேர்முகம்தான்."

"அது கெடைக்கும். இவ்வளவு நாளும் அந்தப் பொம்புள வெங்காயத்துல கெடந்து காஞ்சது போதும். போற அண்டைக்கு என்ட ஓட்டோலதான் சந்திக்கு வரணும், ஒரு சதமும் வாங்க மாட்டேண்டு சொல்லிட்டேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அலுமாரிக் கதவில் தொங்கிய வெள்ளைச் சேர்ட். புதிது, மடிப்புக் கலையாமல் இருந்தது. சரீனா கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். "இரிங்க டீச்சர். இவர் சுபஹுத் தொழுகைக்கு எழும்பினதுல இரிந்து, வந்துட்டாங்களா, வந்துட்டாங்களாண்டு என்னைக் கொல்றார்."

"பொய் டீச்சர்," என்றார் நவ்சாத். "இவதான் ரெண்டு தரம் றோட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தா."

கைநூலின் முதல் பாகத்தை அவருடைய மடியில் வைத்தேன். அட்டையைத் தடவினார், முகர்ந்தும் பார்த்தார். பக்கத்தைத் திறந்து, வலது கையை வரியின் வலது ஓரத்தில் வைத்து இடப்பக்கமாக நகர்த்தினார். நான் அதைக் கவனித்தேன். பக்கத்தின் அகலத்தை அளக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

விரல் நின்றது. திரும்ப ஓரத்துக்குப் போனது. அடுத்த வரிக்கு இறங்கியது. நெற்றி சுருங்கியது.

"டீச்சர், இது தமிழா?"

"தமிழ்தான் தம்பி. முன்னுரை."

"எனக்கு ஒரு சொல்லும் வருதில்ல."

பஸ்ஸில் புள்ளிகள் நசிந்துவிட்டனவோ என்று பயந்து வாங்கிப் பார்த்தேன். எல்லாம் கூர்மையாக நின்றன. நீங்கள் வழக்கமாக வாசிப்பதைக் கொடுங்கள் என்றேன். சரீனா அலுமாரியைத் திறந்தார். பழைய கலண்டர் தாள்களைத் தைத்துக் கட்டிய பதினான்கு கொப்பிகள். உள்ளே இலக்கணம், ஹதீஸ், பத்திரிகைக் கட்டுரைகள். நவ்சாத் ஒன்றை எடுத்து, வலது ஓரத்தில் விரல் வைத்து, தொலைபேசியில் கேட்ட அதே வேகத்தில் வாசித்தார். நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

பிரெயில் தெரியாதவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். முடி வெட்டும் கடையின் கண்ணாடிக் கதவில் கடைப்பெயர் எழுதியிருப்பார்கள். உள்ளே கதிரையில் இருந்து பார்த்தால் அந்த எழுத்துகள் புரண்டு, கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும். தாளைச் செருகும் பிரெயில் சட்டத்தில் ஊசியால் குத்துவதும் அப்படித்தான். குத்துகிற பக்கம் பள்ளம், மேடு வருவது மறுபக்கம், விரல் வாசிப்பது அந்த மறுபக்கத்தை. அதனால் எழுதுபவர் வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் புரட்டிக் குத்த வேண்டும். தாளைத் திருப்பும்போது எல்லாம் இடமிருந்து வலமாக நேராகிவிடும்.

சரீனா தமிழ் எழுதுவதுபோலவே இடமிருந்து வலமாக, பிரெயில் எழுத்து அட்டவணையில் கண்டபடியே குத்தியிருந்தார். தாளைத் திருப்பியதும் எல்லாம் புரண்டுவிட்டது. 'இ' குத்தினால் கணவரின் விரலுக்குக் கிடைப்பது உலகத்தில் மற்ற எல்லாருக்கும் 'ஏ'. ஆனால் சரீனா, குத்திய பக்கத்தைத்தான் கண்ணால் சரிபார்ப்பார். அங்கே எல்லாம் அட்டவணையில் இருப்பதுபோலவே இருக்கும்.

"வரி வலப்பக்கத்துல தொடங்குறது உங்களுக்கு வித்தியாசமாத் தெரியேல்லையா?" என்று கேட்டேன்.

நவ்சாத் கொப்பியின் வலது ஓரத்தைத் தடவினார். "எனக்கு அதுல என்ன வித்தியாசம் டீச்சர்? சின்ன வயசுல இரிந்து ஓதினது வலப்பக்கத்துல இரிந்துதானே. கண்ணு போனாலும் அந்தப் பழக்கம் போகல்லண்டு எங்க ரெண்டு பேருக்கும் சந்தோசம்."

வேறு எந்த வீடாக இருந்தாலும் முதல் நாளே யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இந்த வீட்டில் அது இயல்பாகப் பொருந்திவிட்டது. அரபு பிரெயிலைக்கூட இடமிருந்து வலமாகத்தான் வாசிப்பது என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

சரீனா நின்றபடியே கேட்டார்: "அப்ப நான்தானா டீச்சர் இவரப் பழுதாக்கினேன்?"

"எதைப் பார்த்துப் படிச்சீங்கள், பிள்ளை?"

பொலித்தீன் உறையில் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்தார். தில்லையடியில் ஒரு கடையில் எடுத்த போட்டோக்கொப்பி, கொப்பியிலிருந்து எடுத்த கொப்பி, ஓரங்கள் கறுத்துப்போனது. புள்ளிகளுக்குக் கீழே கையெழுத்தில் தமிழ் எழுத்துகள். என் 'ழ'வின் வால் எப்போதும் கொஞ்சம் நீளம். மாணவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நீளமான வால் அங்கே இருந்தது.

போர் நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் வவுனியாவில் ஐந்து நாள் பயிற்சி வைத்தேன். முதல் நாள் இந்த அட்டவணையைக் கொடுத்தேன், வாசிக்கும் வடிவம் மட்டும். வலமிருந்து எழுதுவதை இரண்டாம் நாள் சட்டத்தை வைத்துக் கையால் காட்டுவேன். கையால் காட்டியதை யாரும் மறப்பதில்லை. ஆகவே அதைத் தாளில் எழுத வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நவ்சாத்தின் பெயரைச் சொன்ன அந்தத் தில்லையடி ஆசிரியை, வீட்டில் சுகமில்லை என்று முதல் நாளோடு திரும்பிப் போனவர். தாள் அவரோடு போனது, பிறகு கொப்பியாகிச் சரீனாவிடம் வந்திருக்கிறது. என் கை அதோடு போகவில்லை.

"இது என் தாள்," என்றேன். "பிழை என்னுடையது. உங்களுடையது இல்லை."

சரீனா அந்தத் தாளை வாங்கி, உறையின் தூசியைத் முக்காட்டுத் தலைப்பால் துடைத்து, மேசையில் வைத்தார். பழக்கத்தில் செய்திருப்பார்.

நவ்சாத்தான் முதலில் பேசினார். "மன்னார்ல கண் தெரியாத ரெண்டு பேருக்கு நான் கடிதம் எழுதினேன் டீச்சர். இவ சொல்லித் தந்த மாதிரியே குத்தி. ஒருத்தரும் பதில் போடல்ல. மூணு வருசமா அவங்களோட கோவமா இரிந்தேன்." சிரிக்கப் பார்த்தார். "பாவம், அவங்க என்ன நெனச்சிருப்பாங்க."

பிற்பகல் முழுவதும் இருந்து பார்த்தோம். இடது ஓரத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். புதிதாகப் படிப்பவருக்கு விரல் வெறுமையாக இருக்கும், எழுத்தை அதில் பதியலாம். இவருடைய விரல் நிறைந்திருந்தது. ஒவ்வோர் எழுத்தையும் பிழையாக, வேகமாக, உறுதியாக அடையாளம் கண்டது. 'இ' என்று நான் சொல்ல, அவர் வாய்க்குள் 'ஏ' வந்து நின்றது. இரண்டரை மணித்தியாலத்தில் நான்கு வரி. நாலு மணிக்குக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினெட்டு நாள்ல ஆகுமா டீச்சர்? உள்ளதச் சொல்லுங்க."

"ஆகாது, தம்பி."

"அப்ப நான் போகல்ல. போனா அந்த ஆக்களுக்கு முன்னால என்ட விரல் ஊமையாப் போயிடும்."

நேர்முகத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி அச்சகத்துக்கு எழுதுகிறேன் என்றேன். தலையாட்டினார். சரீனா எழுந்து, அலுமாரிக் கதவிலிருந்த சேர்ட்டை எடுத்து, இன்னொரு தரம் மடித்து, கொப்பிகளுக்கு மேல் வைக்கப் போனவர், புள்ளி நசியும் என்ற நினைப்பு வந்ததோ என்னவோ, கையை இழுத்து வேறு தட்டில் வைத்தார்.

நூல்களை அங்கேயே விட்டுவிட்டு, அட்டவணையின் மேல் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அதே ஓட்டோக்காரர். "எப்ப டீச்சர் போறார்? திகதிய சொன்னா நான் வேற ஹயர் எடுக்காம இரிப்பேன்."

"இப்ப இல்லை, தம்பி."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

அச்சகம் காத்திருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆள் உடனே தேவைப்பட்டது. ஜூன் மாதம் எனக்குத் தபாலில் ஒரு கலண்டர் தாள் வந்தது. நவ்சாத் தானே வலமிருந்து குத்தியது. பல இடத்தில் புள்ளிகள் தவறி, ஊசி கிழித்து இருந்தது. "டீச்சர், இது நேராக இருக்கிறதா? ஒரு பக்கம் வாசிக்க முக்கால் மணித்தியாலம் போகுது. பழைய கொப்பிகளை நான் இன்னும் வாசிக்கிறேன், அது விரலைக் குழப்புது எண்டு தெரியும். சரீனா ராவையில எழுதினது. அதை எப்படி வாசிக்காம இருக்கிறது." நேராக இருக்கிறது என்று பதில் எழுதினேன்.

உங்கள் பயணத்துக்குச் சில விடயங்கள். நுரைச்சோலையிலிருந்து புத்தளத்துக்கு மாலை ஐந்தரைக்குப் பிறகு பஸ்ஸை நம்ப வேண்டாம். அதற்குள் ஏறினாலும் அன்று இரவு புத்தளத்தில் தங்க வேண்டியிருக்கும். அந்தக் கரையில் உப்புக் காற்றில் தாள் ஈரம் குடிக்கும், ஆகவே பிரெயில் நூல்களைப் பொலித்தீனில் சுற்றுங்கள். யாருடைய வாசிப்பையும் தொலைபேசியில் சோதிக்காதீர்கள். அவர்கள் இதுவரை தொடாத ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்துச் சோதியுங்கள், சிபாரிசு எழுத முதல்.

அந்த அட்டவணை எத்தனை கொப்பியாக எங்கெங்கே போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மன்னாரில் இருக்கலாம், முல்லைத்தீவில் இருக்கலாம், உங்கள் பள்ளிக்கூட அலுமாரியிலும் இருக்கலாம். ஒற்றைத் தாள், கையெழுத்து, 'ழ'வின் வால் நீளம். கண்டால் கிழித்துப் போடாதீர்கள். அதைப் பார்த்து யாராவது படித்துக்கொண்டிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பிறகு அதன் மேல், பெரிய எழுத்தில், இந்த வரியை எழுதிவிடுங்கள்: வாசிப்பது இடமிருந்து, குத்துவது வலமிருந்து, ஒவ்வோர் எழுத்தையும் புரட்டி.