நாற்று நட்ட புல்தரை

கூடலூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு முன்னால் பதினைந்தடிக்கு முப்பதடி காலி இடம். பத்திரத்தில்தான் காலி. உண்மையில் கோரையும் நெருஞ்சியும் பார்த்தீனியமும் பட்டா வாங்காமல் குடியிருந்தன. நான்கு வருடமாக அவற்றைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தவன் நான்.

போன சித்திரையில், மகளைப் பெண் பார்க்கக் குச்சனூர்ப் பக்கமிருந்து வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பத்து நாள் இருந்தது. சிமெண்ட் கல் பதித்துவிடலாம் என்றாள் மனைவி. குமுளியில் ஒரு விடுதி வாசலில் பார்த்த பச்சைப் புல்தரை என் கண்ணை விட்டுப் போகாததால், புல் பதிக்கலாம் என்றேன்.

“எங்கப்பா ஆயுசு பூரா புல்லைப் புடுங்கி வரப்புல எறிஞ்சாக. நீங்க காசு குடுத்து வாங்கி வைக்கப் போறீகளா?”

“அது வேற புல்லு.”

“சரி. அவுக வர்ற அன்னிக்கு அங்கன பச்சையா இருக்கணும். இல்லேன்னா மறுநா கல்லு வந்து இறங்கும்.”

புல்லைப் பாய் போலச் சுருட்டி விற்கும் நர்சரிக்காரர் போனில் விளக்கினார்: களையை வேரோடு எடுத்து, தண்ணீர் விட்டு, மறுபடி முளைப்பதை மறுபடி எடுத்து, மணல் பரப்பி மட்டம் செய்ய மூன்று வாரம் ஆகுமாம். இருபோகம் நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்தவனுக்கா மண்ணைப் பற்றிப் பாடம்? வயலில் நான் பார்த்த ஒரே வேலை வரப்பில் உட்கார்ந்து வடை தின்றதுதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

நெல்லுக்கு என்ன செய்வார்கள்? தண்ணீர் கட்டி, உழுது சேறாக்குவார்கள். களை அமுங்கி அழுகிவிடும். நானும் மோட்டாரைப் போட்டு இடத்தை நிரப்பி, டில்லரை இறக்கி, பலகையால் மட்டமும் இழுத்துவிட்டேன். சேறு கண்ணாடி மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் என் முகம் தெரிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நான்காம் நாள், கோரை ஒன்று நின்ற இடத்தில் நான்கு எட்டிப் பார்த்தன. டில்லர் கோரைக்கிழங்கையெல்லாம் பிரித்து, சீராக விதைத்துக் கொடுத்திருந்தது.

பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் மினி லாரியில் புல் வந்தது. நடவுக்குப் போகும் மூன்று பெண்களைக் கூப்பிட்டு, “இதை வரிசையா வச்சிருங்கக்கா” என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது புல்பாய்களைக் காணவில்லை. சேற்றில் சாணுக்கு ஒரு கொத்தாக, நூல் பிடித்தாற்போல் புல் நின்றது.

“என்னக்கா இது?”

“நாத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்துச்சுண்ணே. பிரிச்சு நட்டுட்டோம்.”

“பாய் மாதிரி விரிக்கணும்க்கா!”

“சேத்துல பாயை விரிச்சா யாருண்ணே படுக்க?” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி என்னைத் தேற்றினாள்: “நெருக்கி நட்டா தூர் கட்டிப் பெருகாதுண்ணே.”

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளையின் அப்பா கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அவர் விவசாயி.

“என்ன ரகம் போட்டிருக்கீக?”

“புல்லுங்க.”

“புல்லு தெரியுது. நெல்லு எங்க?”

ஜன்னலுக்கு உள்ளே என் மனைவி இருமினாள். அது இருமல் இல்லை.

உள்ளே போயும் அவரால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்து, குத்தவைத்துக் கோரையைப் பிடுங்க ஆரம்பித்தார். விருந்தாளி களையெடுக்க நான் நிற்பதா? நானும் குத்தவைத்தேன்.

“எங்க பய அதிகம் பேச மாட்டான்” என்றார், ஒரு கிழங்கை உதறிக்கொண்டே.

“எங்க பொண்ணு அவருக்கும் சேத்துப் பேசிருவா.”

“அப்பச் சரி.”

பையனும் மகளும் சிரித்தபடி வெளியே வந்தபோது, இரண்டு அப்பாக்களின் வேட்டியிலும் முழங்கால்வரை சேறு. சம்பந்தம் முடிவானது.

அவர்கள் போனதும் மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். “பச்சையா இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு. கோரை பச்சையா இருந்துச்சு. நீங்க வாங்குனது மஞ்சளாத்தான் இருந்துச்சு.”

மறுநாள் கல் வந்து இறங்கியது. அவளேதான் கொத்தனாரிடம் கை காட்டினாள்: “சம்பந்தி களையெடுத்த எடத்தை மட்டும் விட்டுருங்க. மிச்சத்துக்குப் போடுங்க.”

நாலடிக்கு மூன்றடி. சாயங்காலம் அதில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். ஒரு நாற்காலிதான் கொள்ளும்.